இடது செவி திடீர்ணு அடச்சுப்போச்சு, உள்ள ஒரு கூவலும் உண்டு. குறும்பியா, வேற ஏதாவதா?

கருங்கல்காரன் | திங்கள், காலை 6.50

மக்களே ஒரு சந்தேகம். சனிக்கிழம பிள்ளியளோட திற்பரப்புக்குப் போயி அருவியில நல்லா தலய காட்டி நிண்ணுட்டு வந்தேன். நேத்து காலையில எழும்பும்போ இடது செவி அப்படியே அடச்சுக் கெடக்கு. தண்ணி கேறியிருக்கும்ணு நெனச்சு தலய சாச்சு ஒத்தக்கால்ல குதிச்சுப் பாத்தேன், எனக்க மகன் சிரிச்சதுதான் மிச்சம். கோயில்ல பாட்டு பாடுனது வலது பக்கம் மட்டும் கேக்குது, இடது பக்கம் பஞ்சு வச்சு அமுக்குன மாதிரி. மத்தியானத்துக்கு மேல உள்ள ஒரு கூவல் வேற, பழைய ரேடியோல ஸ்டேஷன் கிடைக்காம இரையுமே, அதே சத்தம்.

வலி கெடயாது, சலம் (சீழ்) வரல்ல, காய்ச்சலும் இல்ல. மெடிக்கல் ஷாப்புல சொன்னதுக்கு குறும்பி இளகுற சொட்டு மருந்து தந்தாங்க, மூணு வாட்டி விட்டாச்சு, ஒரு மாத்தமும் இல்ல. எனக்க அம்மை வெளிச்செண்ணையில (தேங்கா எண்ணெ) வெள்ளப்பூடு தட்டிப் போட்டு காய்ச்சி ஊத்துண்ணு நிக்கியா. வயசு 46, சுகர் உண்டு, மாத்திர சாப்பிடுதேன். டெம்போ ஓட்டுறது தொழிலு, நாளைக்கும் மறுநாளும் லோடு இருக்கு. வியாழக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போனா போராதா?

குலசேகரம் குசும்பன் | காலை 7.05

வீட்டுக்காரி படுக்கது எந்தப் பக்கம் வோய்? இடது பக்கம்ணா இது நோய் இல்ல, வரம் 😄

சும்மா சொன்னேன். எனக்கும் ரெண்டு வருசம் முன்ன இதேபோல அடச்சுது. குளத்துல முங்கி எழும்புனதும் டப்புண்ணு அடச்சுது. டாக்டரு பாத்துட்டு புளியங்கொட்ட சைசுல குறும்பி இருக்குண்ணு சொல்லி தண்ணி பீச்சி எடுத்தாரு, அந்த நிமிசமே உலகம் திறந்த மாதிரி இருந்துது. தண்ணி பட்டா குறும்பி ஊறி வீங்குமாம். உனக்கும் அதுதான், பயப்படாண்டாம்.

தக்கலை பாட்டா | காலை 7.20

அம்மை சொல்லுததுதான் சரி. இளஞ்சூட்டுல ரெண்டு சொட்டு விட்டுட்டு படு. நீர் கோத்திருக்கும். எங்க காலத்துல இதுக்கெல்லாம் யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுனது கெடயாது. அப்பிடியும் கேக்கல்லண்ணா நல்ல ஒரு வர்ம ஆசான் கிட்ட போயி செவிப் பின்னால தடவு.

செவிநோட்டம் | காலை 7.48

நான் ஆடியோலஜி படிச்சவ, கேள்வித்திறன் டெஸ்ட் எடுக்கிறதுதான் எனக்க தினசரி வேலை. கருங்கல்காரன் அண்ணே, எண்ணெ ஊத்தாண்டாம், சொட்டு மருந்தையும் நிறுத்துங்க, பட்ஸையும் தீக்குச்சியையும் தொடவே தொடாண்டாம். முதல்ல ஒண்ணு செய்து பாத்து சொல்லுங்க. அமைதியா ஒரு இடத்துல இருந்து வாய மூடிக்கிட்டு "ம்ம்ம்ம்"ணு கொஞ்ச நேரம் முனங்குங்க. அந்த முனங்கல் அடச்ச செவியில சத்தமா கேக்குதா, நல்ல செவியில சத்தமா கேக்குதா?

கருங்கல்காரன் | காலை 7.56

இப்பம்தான் பாத்தேன். வலது பக்கம், நல்ல செவியிலதான் கேக்குது. அதுல என்ன இருக்கு?

செவிநோட்டம் | காலை 8.10

அதுலதான் விஷயமே இருக்கு. குறும்பியோ தண்ணியோ அடச்சா வெளிய உள்ள சத்தம் உள்ள போகாது, ஆனா எலும்பு வழியா வாற நம்ம சொந்த சத்தம் அந்த அடச்ச பக்கத்துலதான் பெரிசா கேக்கும். ஒரு செவிய வெரலு வச்சு பொத்திட்டு முனங்கிப் பாத்தா யாருக்கும் புரியும். அடச்ச பக்கம் கேக்காம நல்ல பக்கத்துக்குப் போச்சுண்ணா, பிரச்சினை வழியில இல்ல, உள்செவி நரம்புப் பக்கமா இருக்கலாம். ஆஸ்பத்திரியில டியூனிங் ஃபோர்க்குண்ணு தட்டுனா இரையுற ஒரு இரும்புக் கவைய நெத்தியில வச்சு இதையேதான் பாப்பாங்க. இது வீட்டுல பாக்குற ஒரு துப்பு மட்டும்தான், முடிவு கெடயாது. ஆனா உங்களுக்கு வலி இல்ல, சலம் இல்ல, ஒரே ராத்திரியில ஒரு பக்கம் மட்டும் போச்சு, கூட கூவலும் இருக்கு. திடீர் நரம்புச் செவிடுண்ணு ஒண்ணு உண்டு, மூணு நாளுக்குள்ள சட்டுண்ணு கேள்வி கொறையும், பல பேரு காலையில எழும்பும்போதான் கண்டுபிடிப்பாங்க. காரணம் பெரும்பாலும் பிடிபடாது. ஸ்டீராய்டு மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குறோமோ அவ்வளவு நல்லது, ரெண்டு வாரம் கழிஞ்சா அதுக்குப் பலன் ரொம்ப கொறஞ்சு போகும்.

வியாழக்கெழம வேண்டாம் அண்ணே. இண்ணைக்கே. லோடு வேற ஆளு ஓட்டட்டும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுல இ.என்.டி. ஓ.பி. காலையிலதான், இப்பமே கெளம்புங்க, "ஒரு நாளுல திடீர்ணு கேக்காம போச்சு"ண்ணு அந்த வார்த்தையவே முதல்ல சொல்லுங்க, "செவி அடப்பு"ண்ணு சொன்னா வரிசையில பின்னால போயிரும். சுகர் இருக்குறதையும் மறக்காம சொல்லணும், ஸ்டீராய்டு சுகர ஏத்தும்.

கருங்கல்காரன் | காலை 8.14

பயம் காட்டிட்டியளே. சரி, கெளம்புதேன்.

வள்ளக்காரன் | காலை 9.30

நா கொளச்சக்காரன், வள்ளத்துல கடலுக்குப் போறவன். எனக்கு அடப்பு இல்ல, அரிப்பு. ரெண்டு காதும் உள்ள போட்டு பிராண்டிக்கிட்டே இருக்கும், சாவி, கோழி இறகு, எது கையில கெடச்சாலும் உள்ள விட்டிருவேன், அந்த நேரம் சொர்க்கம். ஒரு வாரம் கழிச்சு ஈரமா கருப்பும் வெள்ளையுமா ஏதோ வரும். மழக்காலம் வந்தா கூடுது. கடல் தண்ணி உள்ள போறதாலயா?

செவிநோட்டம் | காலை 10.15

அது பூஞ்சைக்காளான் மாதிரி தெரியுது. நனஞ்ச நியூஸ் பேப்பர உருட்டி உள்ள வச்சது போல இருக்கும், மேல கருப்புப் புள்ளி புள்ளியா. நம்ம ஊரு ஈரக்காத்து, கடல் தண்ணி, கூட சாவி போட்டு பிராண்டி தோல கீறி விட்டா அதுக்கு உரம் போட்ட மாதிரி. எண்ணெ ஊத்துனா இன்னும் செழிப்பா வளரும். டாக்டரு அத உறிஞ்சி சுத்தம் பண்ணிட்டு காளானுக்கான மருந்து விடுவாரு. நீங்களா ஆன்டிபயாட்டிக் சொட்டு வாங்கி விட்டா கிருமி செத்து காளான் கூடும். அடிக்கடி வந்தா சுகரும் ஒருக்கா பாத்திருங்க.

இன்னொண்ணு, எஞ்சின் பக்கத்துல எத்தன மணி நேரம் நிக்கியீங்க? 85 டெசிபல் சத்தத்துல தெனமும் 8 மணி நேரம் வருசக்கணக்கா நிண்ணாலே செவி கெடும், எஞ்சின் பக்கம் அதுக்கு மேல போகும். முதல்ல போறது பேச்சு இல்ல, கூர்மையான சத்தங்கள்தான், கிளிச்சத்தம், பாத்திரம் ஒரசுறது, அதனால யாருக்கும் தெரியாது.

வள்ளக்காரன் | காலை 10.22

எங்க ஆளுக எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். கரையில உள்ளவங்க சண்டைண்ணு நெனப்பாங்க. இப்பம் காரணம் புரியுது.

மார்த்தாண்டம் மைனி | காலை 11.40

எனக்கு தலசுத்து. கட்டில்ல வலது பக்கம் திரும்புனா வீடே ஒரு சுத்து சுத்தும், முப்பது செகண்டுல நிண்ணுரும். பரண்மேல தேங்கா எடுக்க அண்ணாந்து பாத்தாலும் அதே. பிரசர்ணு நெனச்சு பாத்தோம், நார்மல். கழுத்து எலும்பு தேயுதுண்ணு ஒருத்தரு பட்டை மாட்டி விட்டாரு, மூணு மாசம் அதோட நடந்தேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைய பாத்தாலும் உடம்ப மொத்தமா திருப்பி பாக்கணும். கடைசில ஒரு இ.என்.டி. டாக்டரு என்னை கட்டில்ல படுக்கப் போட்டு தலய தொங்க விட்டாரு, கண்ணு தன்னால துடிச்சுது, "செவிக்குள்ள கல்லு நழுவியிருக்கு"ண்ணாரு. நானும் என்ன கல்லுண்ணு முழிச்சேன். பொறவு தலய அங்கயும் இங்கயும் திருப்பி எழுப்பி இருத்தினாரு, அஞ்சு நிமிசம், மாத்திர கூட பெரிசா தரல்ல. ரெண்டாவது வாட்டி போயி வந்ததோட சுத்து நிண்ணுது. மூணு மாச பட்டைய ஆத்துல எறிஞ்சேன்.

செவிநோட்டம் | மதியம் 12.05

மைனி அருமையா சொல்லிட்டிய. உள்செவில சுண்ணாம்புத் துகள் உண்டு, நாம நேரா நிக்கிறோமா சரிஞ்சு நிக்கிறோமாண்ணு சொல்றதே அதுதான். அது எடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள்ள விழுந்தா தல அசையும்போது சுத்தும். அந்த தலதிருப்பு வைத்தியத்துக்கு எப்லி முறைண்ணு பேரு, அமெரிக்க டாக்டர் ஜான் எப்லி கொண்டு வந்தது. ஆனா எல்லா சுத்தும் கல்லு இல்ல. இருபது நிமிசத்துக்கு மேல மணிக்கணக்கா சுத்தி, கூட வாந்தி, ஒரு செவியில அடப்பும் கூவலும் ஏறி எறங்குனா அது மெனியர், 1861-ல புரோஸ்பர் மெனியர்ங்கிற பிரெஞ்சுக்காரர் சொல்லி வச்சது, அதுக்கு உப்ப கொறைக்கச் சொல்லுவாங்க. நம்ம ஊருல கருவாடும் மாங்கா ஊறுகாயும் விட்டுட்டு எப்பிடி வாழுறதுண்ணு கேப்பாங்க, அது வேற கதை. சுத்தோட நாக்கு குழறுறது, ரெட்டையா தெரியுறது, கை கால் ஒரு பக்கம் தளருறது, நடக்கவே முடியாம ஒரு பக்கம் சாயுறதுண்ணா செவிய விட்டுருங்க, 108-ஐ கூப்பிடுங்க, அது மூளையா இருக்கலாம்.

நாகர்கோவில் டவுன் | மதியம் 1.10

வாட்ஸ்அப்புல ஒண்ணு வந்துது, காது மடலுல, கம்மல் போடுற எடத்துல, குறுக்க கோடு விழுந்தா ஹார்ட் அட்டாக் வருமாம். இப்பம் ஆபீஸ்ல எல்லாரும் செல்போன் கேமராவுல காதப் பாத்துக்கிட்டு இருக்கோம், மேனேஜருக்கு ரெண்டு பக்கமும் இருக்கு. உண்மையா?

செவிநோட்டம் | மதியம் 1.45

முழுப்பொய் இல்ல. 1973-ல சாண்டர்ஸ் ஃபிராங்க்ணு ஒரு டாக்டர் அத எழுதினாரு, அதுக்குப் பொறவு சில ஆய்வுல இருதயக்குழாய் அடப்புக்கும் அந்தக் கோட்டுக்கும் தொடர்பு தெரிஞ்சுது. ஆனா வயசானா யாருக்கும் கோடு விழும். மேனேஜரு காதப் பாத்து பயப்படுறதுக்கு பதிலா பிரசர், சுகர், கொலஸ்ட்ரால் பாக்கட்டும், சிகரெட் இருந்தா விடட்டும்.

கருங்கல்காரன் | மாலை 5.35

வந்தாச்சு. நீங்க சொன்ன மாதிரி அந்த வார்த்தையவே சொன்னேன், உடனே உள்ள விட்டாங்க. டாக்டரு லைட்டு வச்சு பாத்துட்டு "குறும்பி ஒண்ணும் இல்ல, செவிப்பறை கண்ணாடி மாதிரி இருக்கு"ண்ணாரு. அப்பம் எனக்கு நெஞ்சு பக்குண்ணுது. குறும்பி இருக்கணும்ணு வேண்டிக்கிட்டு போன ஒரே ஆளு நானாத்தான் இருக்கும். பொறவு ஒரு சின்ன ரூமுல ஹெட்ஃபோன் மாட்டி விட்டு சத்தம் கேட்டா பட்டன் அமுக்கச் சொன்னாங்க, இடது பக்கம் கொஞ்ச நேரம் நான் சும்மாவே இருந்தேன், மிஷின் ரிப்பேரோண்ணு நெனச்சேன், அந்தப் பிள்ள கண்ணாடி வழியா என்னய பாத்துக்கிட்டே இருக்கு. இடது பக்கம் 65 டெசிபல் சத்தம் வச்சாத்தான் கேக்குது, வலது 15-லயே கேக்குது. திடீர் நரம்புச் செவிடுதான். ஸ்டீராய்டு மாத்திர தொடங்கியாச்சு, சுகர தெனமும் ரெண்டு நேரம் பாக்கச் சொல்லியிருக்கு, எம்.ஆர்.ஐ.க்கும் எழுதியிருக்கு. அது எதுக்கு?

செவிநோட்டம் | மாலை 6.02

நல்லா போயிட்டு வந்திய. எம்.ஆர்.ஐ. எல்லாருக்கும் எழுதுறதுதான். ஒரு பக்கம் மட்டும் கேள்வி போறதுக்கும் கூவலுக்கும் சில வேளை கேள்வி நரம்புல வளருற ஒரு சின்னக் கட்டி காரணமா இருக்கும். புத்துநோய் கெடயாது, அபூர்வம், ஆனா இல்லண்ணு பாத்து வச்சிரணும். மருந்து எடுத்தாலும் முழுசா திரும்புமாண்ணு யாரும் உறுதி சொல்ல முடியாது. சிலருக்கு முழுசா வரும், சிலருக்கு பாதி, சிலருக்கு வராது.

ரப்பர்வெட்டு | இரவு 8.20

இந்த இழையப் பாத்ததும் எழுதணும்ணு தோணுது. எங்க சித்தப்பா அருமனைக்காரரு, காலையில நாலு மணிக்கு நெத்தியில லைட்டு கெட்டி ரப்பர் வெட்டப் போற மனுசன், வாயில எப்பமும் வெத்தல பொகல. அவருக்கு வலது செவி வலி, ஆறு மாசமா. பாத்த எடத்துல எல்லாம் செவிக்குள்ள ஒண்ணும் இல்லண்ணு சொல்லி சொட்டு மருந்து, வலி மாத்திர. அவரும் செவி செவிண்ணுதான் சொல்லுவாரு, சோறு முழுங்க கஷ்டமா இருக்குண்ணு ஒரு நாளும் சொல்லல்ல. அஞ்சாவது ஆளா பாத்த டாக்டரு செவியப் பாத்து அர நிமிசம் ஆகல்ல, நாக்க வெளிய நீட்டச் சொல்லி வெரலு வச்சு நாக்குக்கு அடி வரைக்கும் தடவுனாரு. அங்க இருந்துது. நாக்கு வேருல புண்ணு, கழுத்துல ஒரு கழலை. பொறவு திருவனந்தபுரத்துல ரேடியேஷன், இப்பம் இருக்காரு, கஞ்சிதான். நாங்க எல்லாரும் செவியவே பாத்துக்கிட்டு இருந்தோம்.

செவிநோட்டம் | இரவு 8.50

😔 தொண்டை, நாக்கு வேரு, கடவாய்ப் பல்லு, தாடை மூட்டு, இதுக்கு வாற நரம்புகளோட கிளைதான் செவிக்கும் போகுது. அதனால வலி அங்க இருந்தாலும் மூளைக்கு செவியிலண்ணு தோணும். செவி சுத்தமா இருந்தும் வலி ரெண்டு மூணு வாரத்துக்கு மேல நிண்ணா, அதுவும் வெத்தல, பொகல, பீடி உள்ள ஆளுண்ணா வாயும் தொண்டையும் பாக்காம விடப்பிடாது. பெரியவங்களுக்கு ஒரு பக்க செவி மட்டும் நீர் கோத்து அடச்சு ஆறாம இருந்தாலும் மூக்குக்குப் பின்னால கேமரா விட்டுப் பாக்கணும்.

வெள்ள உடுப்பு | இரவு 9.30

வார்டுல நர்ஸா இருக்கேன். எங்களுக்கு பயம் வாறது சுகர் உள்ள பாட்டா பாட்டிமாருக்கு ராத்திரி உறங்க விடாத செவி வலி வந்தாத்தான். வெளிய பாத்தா சாதாரண சலம் மாதிரி இருக்கும், ஆனா கிருமி எலும்புக்குள்ள எறங்கிரும், வாரக்கணக்கா ஊசி போட வேண்டி வரும். அப்புறம் அக்கி. செவி மடல்ல சின்னச் சின்ன கொப்பளம், எரிச்சல், கூடவே வாய் ஒரு பக்கம் கோணுச்சுண்ணா பாம்புக்கடி மாதிரி ஓடி வரணும், முதல் மூணு நாளுக்குள்ள மருந்து தொடங்குனாத்தான் முகம் நல்லா திரும்பும். செம்மண் பூசி எழுதிட்டு ஒரு வாரம் கழிச்சு வாறவங்கள பாத்தா அழுகையா வரும்.

கல்லூரிப்பிள்ள | இரவு 10.45

அக்கா ஒரு டவுட். எனக்கு ராத்திரி படுக்கும்போ வலது செவியில டுப் டுப் டுப்ணு கேக்குது. கையில நாடி பிடிச்சு பாத்தேன், ரெண்டும் ஒரே தாளம். ஹாஸ்டல்ல யார்ட்டயும் சொல்லல, பேய்ண்ணு சிரிப்பாளுக.

செவிநோட்டம் | இரவு 11.00

பேய் இல்ல மோளே, ரெத்த ஓட்டத்துக்க சத்தம். சும்மா கூவுறது வேற, நாடியோட சேந்து துடிக்கது வேற. ரெத்தம் கொறைவு, தைராய்டு, பிரசர் எல்லாத்துலயும் வரும். முதல்ல ஹீமோகுளோபின் பாரு, மாசத்துல ரெத்தப்போக்கு கூடுதலா உண்டாண்ணு டாக்டர்கிட்ட சொல்லு. ரெத்தம் சரியாயும் ஒரு பக்கம் மட்டும் நிக்காம துடிச்சா ஸ்கேன் பாக்கணும். கூட தலவலியும் கண்ணு மங்கலும் இருந்தா காத்திருக்காண்டாம்.

தக்கலை பாட்டா | செவ்வாய், காலை 6.10

ராத்திரி எல்லாத்தையும் படிச்சேன். எண்ணெ விடுறதுல என்ன குத்தம்? எனக்க அம்மை நூறு பேருக்கு விட்டிருப்பா.

செவிநோட்டம் | காலை 7.30

பாட்டா, செவிப்பறையில ஓட்டை இருந்தா அது நேரா நடுச்செவிக்குள்ள போகும், சலம் கெட்டும். ஓட்டை உண்டா இல்லியாண்ணு வெளிய இருந்து தெரியாது. சூடு கூடி வெந்து வந்தவங்களையும் பாத்திருக்கேன். அந்த நூறு பேருல பாதிப்பேருக்கு தன்னால சரியாயிருக்கும், நல்ல பேரு எண்ணெய்க்கு.

சரி, உங்களுக்கு செவி எப்பிடி இருக்கு?

தக்கலை பாட்டா | காலை 8.05

ரெண்டும் மந்தம்தான். இந்த போன்ல எழுதுதது அதுனாலதான், பேசுனா கேக்காது. 1974-ல சயரோகம் வந்துது. ஆஸ்பத்திரியில தெனமும் ஊசி, ரெண்டு மாசத்துக்கு மேல. நோய் போச்சு. அதுல இருந்து இருட்டுல நடந்தா கள்ளு குடிச்சவன் மாதிரி ஆடும், வெளிச்சத்துல ஒண்ணும் இல்ல. செவியும் பைய பைய போச்சு. யாரும் காரணம் சொல்லல்ல. நானும் கேக்கல்ல.

செவிநோட்டம் | காலை 8.20

பாட்டா, அது ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியா இருக்கும். உயிரக் காத்த மருந்துதான், ஆனா உள்செவிய, அதுலயும் நெலையா நிக்க வைக்கிற பாகத்த பாதிக்கும். கண்ணு பாத்து உடம்பு சமாளிக்கிறதால வெளிச்சத்துல தெரியாது, இருட்டுல ஆடும். அம்பது வருசமா அது உங்க தப்பு இல்ல. கக்கூஸ் போற வழியில ராத்திரி ஒரு சின்ன பல்பு எரிய விடுங்க. ஒருக்கா டெஸ்ட் எடுத்தா செவிக்கு மெஷின் வச்சு பாக்கலாம்.

தக்கலை பாட்டா | காலை 8.31

கள்ளு குடிக்கேண்ணு எனக்க பொண்டாட்டி செத்துப்போற வரைக்கும் சந்தேகப்பட்டா.

மார்த்தாண்டம் மைனி | காலை 8.40

அய்யோ பாட்டா 🙏

கருங்கல்காரன் | 13 நாள் கழிச்சு, மாலை 7.15

யாராவது தேடிட்டு இருந்தா, சொல்லிருதேன். எம்.ஆர்.ஐ.யில கட்டி ஒண்ணும் இல்ல. ஆனா மாத்திர தொடங்குன நாலாம் நாளே சுகர் 340-க்கு ஏறிப்போச்சு, சுகர் டாக்டரு ரெண்டு வாரத்துக்கு இன்சுலின் போட்டாரு. மாத்திரைல கொஞ்சம்தான் மாத்தம் வந்துது, அதனால செவிப்பறை வழியா உள்ள மருந்து ஊசி போட்டாங்க, மூணு வாட்டி. கேக்கும்போ தல சுத்துது இல்லியா, ஆனா மரத்துப்போற மருந்து வச்சுட்டுத்தான் குத்துறாங்க, கொசு கடிச்ச மாதிரி, பொறவு அர மணி நேரம் முழுங்காம சாஞ்சு கெடக்கணும், அதுதான் கொடும, முழுங்காதண்ணு சொன்னாத்தான் எச்சில் ஊறும்.

இண்ணைக்கு டெஸ்ட்ல 65 இருந்தது 40-க்கு வந்திருக்கு. கூவல் நிக்கல்ல, ராத்திரி ஃபேன் சத்தத்துல உறங்கிருவேன். டெம்போ எடுத்தாச்சு, ஆனா ஹாரன் கேட்டா எந்தப் பக்கம் இருந்து வருதுண்ணு தெரிய மாட்டேங்குது, எல்லா வண்டியும் வலது பக்கமே வாற மாதிரி இருக்கு. தொடுவெட்டி ஜங்ஷன்ல ரெண்டு வாட்டி ஏச்சு வாங்குனேன்.

செவிநோட்டம் | மாலை 7.40

ரெண்டு செவியும் ஒரே மாதிரி கேட்டாத்தான் திசை பிடிபடும். சில மாசத்துல மூளை கொஞ்சம் பழகும், அது வரைக்கும் கண்ணாடிய ரெண்டு மடங்கு பாத்து ஓட்டுங்க. ஒரு மாசம் கழிச்சு டெஸ்ட் திரும்ப எடுக்கணும், அதுக்குப் பொறவு மெஷின் வேணுமாண்ணு பாப்போம்.

குலசேகரம் குசும்பன் | இரவு 8.00

குறும்பிண்ணு சொல்லி உன்னய கெடுக்கப் பாத்தவன் நான்தான், மன்னிச்சிரு மக்கா. அது சரி, வீட்டுக்காரி இடது பக்கம் இருந்து பேசுனா இப்பம் கேக்குதா?

கருங்கல்காரன் | இரவு 8.12

சத்தம் கேக்குது, வார்த்ததான் விளங்கல்ல. முன்னயும் அப்பிடித்தான் இருந்துதுண்ணு பக்கத்துல இருந்து சொல்லுதா.